கடைமடைக்கு முதல் முறை

சிறுவேலி ஐக்கிய வாசகசாலையை நெட்டில் தேடினால் முதலில் ஒரு பரோட்டா கடை வந்தது. அடுத்து அதே கடையின் கிளை. மூன்றாவதாக ஒரு கல்யாண மண்டபம். அந்த மண்டபத்தின் புகைப்படத்தில், வாழைமரம் கட்டிய தூணுக்குப் பின்னால், வாசகசாலையின் பின்பக்கச் சுவர் ஒரு முழம் தெரிந்தது.

வாசகசாலையின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ளும் ஜெயபாரதி அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"நம்ம பாத்ரூம் ஜன்னல்தான் அக்கா."

"அதாவது வருதேன்னு சந்தோஷப்படு," என்றாள் நூலகர் கமருன்னிஸா.

இரண்டு பேருக்கும் பின்னால் நின்றிருந்த செயலாளர் லியாகத் அலி சிரிக்கவில்லை. கூத்தாநல்லூரில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். தெருவில் போகிறவன் கண்ணில் படாத பாத்திரம் பாத்திரமே இல்லை என்பது அவருடைய கொள்கை.

"ரெண்டு வருஷமா ஸ்கேன் பண்றீங்க. பழைய நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை, போட்டோன்னு ஊர்ல இருந்த குப்பையெல்லாம் வெப்சைட்ல ஏத்தியாச்சு. யாரு பார்த்தா?"

"முகவரி தெரிஞ்சா யார் வேணா பார்க்கலாம் சார்," என்றாள் ஜெயபாரதி.

"முகவரி தெரிஞ்சவன் நேர்லயே வந்து பார்த்துட்டுப் போயிடுவானே."

ஜெயபாரதி ஜன்னல் படத்தை மூடினாள்.

"ஆவணி மொத ஞாயிறு கமிட்டிக் கூட்டம். அதுக்குள்ள இந்த வெப்சைட்டால ஊருக்கு ஒரு உபயோகம்னு காட்டணும். இல்லேன்னா மூடிடுவோம். ஸ்கேன் ரூம் கமிட்டிக்கு. உன் வேலையைப் பத்தி நான் தனியாச் சொல்லணுமாம்மா?"

சொல்ல வேண்டியதில்லைதான். ஸ்கேன் ரூமில் ஏசி இருந்தது. ஸ்கேனர் சூடு தாங்காது என்று யாரோ சொல்லி, நன்கொடையில் வாங்கி மாட்டியது. வாசகசாலை முழுவதற்கும் அது ஒன்றே ஒன்று. கமிட்டிக்காரர்கள் சித்திரை மாதக் கூட்டத்தைக் கூடத்து மின்விசிறிக்கு அடியில் நடத்திவிட்டு, போகிற போக்கில் அந்த ரூமின் கதவைத் திறந்து, "என்னம்மா, வேலையெல்லாம் நடக்குதா?" என்று விசாரிப்பார்கள். விசாரணை கால் மணி நேரம் ஓடும்.

"அவங்களுக்கு உன் வெப்சைட்டு மேல கோவமே இல்ல பாரதி," என்றாள் கமருன்னிஸா, செயலாளரின் ஸ்கூட்டர் சத்தம் தேய்ந்த பிறகு. "ஏசி மேல ஆசை. அவ்வளவுதான்."

"குடுக்க மாட்டேன் அக்கா. கூட்டத்துக்குள்ள இதை நெட்ல முதல்ல வர வைக்கிறேன். இல்லேன்னா என் பேரு..."

அதோடு நிறுத்திக்கொண்டாள். வீராப்பாக ஒரு வாக்கியம் ஆரம்பித்துவிட்டு, அதை முடிக்கத் தனக்குத் தகுதி உண்டா என்று யோசிக்கிற சுபாவம் அவளுக்கு. ஆனால் ஒன்று. வாக்கியத்தைத்தான் பாதியில் விடுவாள், வேலையை விடமாட்டாள்.

மன்னார்குடியில் ஒரு மாலை வகுப்பில் வெப்சைட் வேலை படித்துக்கொண்டிருந்தாள். வகுப்பு முடிந்து எல்லாரும் பஸ்ஸுக்கு ஓட, இவள் மட்டும் வாத்தியாரை மடக்கிக் கேட்டாள்.

"தேடுபொறிக்குக் கண்ணு கிடையாதும்மா. படத்தைப் போட்டா அதுக்குப் புரியாது. நீ வைக்கிற தலைப்பைத்தான் படிக்கும். உங்க ஆளுங்க என்ன தலைப்பு வச்சிருக்காங்க?"

"ஸ்கேன் ஒண்ணு, ஸ்கேன் ரெண்டு சார்."

"எதுவரைக்கும்?"

"ஸ்கேன் நாலாயிரத்துச் சொச்சம்."

வாத்தியார் பையை எடுத்து மாட்டிக்கொண்டார். "பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா," என்றார்.

மறுநாளே ஜெயபாரதி தலைப்பு வைக்கத் தொடங்கினாள். முறையாக, நூலக சாஸ்திரப்படி வைத்தாள். 'சிறுவேலி வட்டார நீர்ப்பாசன விளம்பரத் துண்டறிக்கை, ஒற்றைத்தாள், வலது ஓரம் கிழிசல்.' இந்த மாதிரி முந்நூறு. ஒரு வாரம் பொறுத்து எத்தனை பேர் தேடி வந்தார்கள் என்று பார்த்தாள். ஒருவர் வந்திருந்தார். அது அவளே, தன் வீட்டிலிருந்து பார்த்தது.

"ஒற்றைத்தாள், கிழிசல்னு எவன் தேடுவான்?" என்றாள் கமருன்னிஸா.

"விவரம் சரியா இருக்கணும்ல அக்கா."

"இருக்கட்டும். அதை உள்ள வை. வாசல்ல அவங்க கேக்குற மாதிரி வை. இங்க நேர்ல வர்றவங்க என்ன கேக்குறாங்க? நீர்ப்பாசனத் துண்டறிக்கை இருக்கான்னா கேக்குறாங்க? தண்ணி எப்ப வரும்னு கேக்குறாங்க."

வாத்தியாரும் அதையேதான் சொன்னார். மக்கள் வாயில் வருகிற மாதிரி தலைப்பு இருக்க வேண்டும். பக்கத்தின் அடியில் ஃபோன் நம்பர் இருந்தால் தேடுபொறிக்கு நம்பிக்கை பிறக்கும்.

ஜெயபாரதி முந்நூறையும் மாற்றினாள். பழைய சமையல்காரர் விளம்பரம் 'கல்யாண பிரியாணிக்கு நல்ல ஆள் வேண்டுமா?' என்று ஆயிற்று. ரயில் அட்டவணை 'நீடாமங்கலத்தில் இருந்து நாகூர் கந்தூரிக்கு ரயில் எத்தனை மணிக்கு?' கிழிசல் துண்டறிக்கைக்கு 'சிறுவேலி வாய்க்காலில் தண்ணீர் எப்போது வரும்?' எல்லாவற்றுக்கும் அடியில் வாசகசாலையின் ஃபோன் நம்பர்.

நாலாம் நாள் ஃபோன் அடித்தது. கமருன்னிஸா எடுத்தாள்.

"பிரியாணி சமைக்கிற பண்டாரிங்களா?" என்றது ஒரு குரல்.

"இல்லைங்க, இது வாசகசாலை."

"பரவால்லங்க. ஆளைக் கூப்பிடுங்க. அடுத்த மாசம் நிக்காஹ், எட்டு தேக்சா பிரியாணி போடணும்."

"அவர் மௌத்தாயி அம்பது வருஷம் ஆயிருக்கும்ங்க. அது பழைய நோட்டீசு."

"அடடா," என்று குரல் மரியாதையாக இறங்கியது. பிறகு, "அவர் பையன் யாரும் தொழில் பண்றாங்களா?"

அதற்குப் பிறகு ஃபோன் ஓயவில்லை. ஒருவர் நீடாமங்கலம் ஸ்டேஷனில் நின்றுகொண்டு கூப்பிட்டார். குடும்பத்தோடு வந்துவிட்டாராம், ரயிலைக் காணோமாம்.

"அது பாட்டன் காலத்து ரயிலுங்க," என்றாள் ஜெயபாரதி.

"லேட்டா வருதாம்மா?"

"வராதுங்க."

"அப்ப எதுக்கு வரும்னு போட்டிருக்கீங்க?"

"வரும்னு போடலைங்க. எத்தனை மணிக்குன்னு கேள்விதான் போட்டிருக்கேன்."

சொன்ன பிறகு அவளுக்கே அது அநியாயமாகப் பட்டது. மூன்று முறை மன்னிப்புக் கேட்டாள். அவர் நல்ல மனிதர். "போவுது, பஸ்ல போறோம்," என்று வைத்துவிட்டார். ஆனால் அன்று மாலை லியாகத் அலி வந்தார்.

"ஏம்மா, என் மச்சினன் ஃபோன் பண்றான். வாசகசாலைல பிரியாணி போடுறீங்களாமே."

"பார்க்க ஆள் வர்றாங்க சார். இதுவரைக்கும் நூறு பேர் வந்திருக்காங்க."

"வந்து என்ன பண்றாங்க? ஏமாந்து போறாங்க. ஊருக்கு உபயோகம்னு சொன்னேன். உபத்திரவம்னு கேட்டுச்சா உனக்கு?"

ஜெயபாரதி யோசித்தாள். குறை தன்னுடையதுதான். பழசு என்று தெரிந்தால் யார் ஏமாறுவார்கள்? ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போட்டுவிட வேண்டும். வெப்சைட்டில் தேதிக்கென்று ஒரு கட்டம் இருக்கவே இருந்தது. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டாள். துண்டறிக்கை இருந்த கட்டின் மேலட்டையில் 1954 என்று இருந்தது. அதை அப்படியே அடித்தாள். சேமித்தாள். அடுத்ததற்குப் போனாள்.

அந்தக் கட்டத்துக்கு ஒரு பழக்கம் உண்டு என்பது அவளுக்குத் தெரியாது. 1970க்கு முந்தைய வருஷம் எதையும் அது ஒப்புக்கொள்ளாது. ஒப்புக்கொள்ளவில்லை என்று சொல்லவும் சொல்லாது. பேசாமல் அன்றைய தேதியைப் போட்டுக்கொள்ளும்.

இரண்டு நாளில் தேடுபொறி குதூகலப்பட்டுவிட்டது. சிறுவேலியில் முந்நூறு புத்தம்புதுச் செய்திகள். 'சிறுவேலி வாய்க்காலில் தண்ணீர் எப்போது வரும்?' என்பதற்குப் பக்கத்தில் 'இரண்டு நாட்களுக்கு முன்பு' என்று போட்டு, பரோட்டா கடைக்கு மேலே, எல்லாவற்றுக்கும் மேலே, உச்சியில் கொண்டுபோய் உட்காரவைத்தது. தண்ணீர், வாய்க்கால், முறை, அறிவிப்பு, எதை அடித்தாலும் முதலில் அதுதான்.

அப்போது ஆடி பிறந்திருந்தது. அணை திறந்து ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சிறுவேலி வாய்க்காலுக்குத்தான் வரவில்லை. மடைக்கு மடை முறை வைத்து விடுவார்கள், உத்தரவு வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதைத்தான் ஊரே உள்ளங்கையில் ஃபோனை வைத்துத் தேடித் தேய்த்துக்கொண்டிருந்தது.

காலையில் வாசகசாலை திறக்கும்போதே வாசலில் ஏழெட்டுப் பேர். முன்னால் நின்றவர் வீரையன். வாய்க்காலின் கடைசியில், கடைமடையில் நிலம். அங்கே தண்ணீர் வருவதற்குள் மேலே தலைமடையில் கதிர் பிடித்துவிடும் என்பது பேச்சு.

"பாப்பா, நீதானே அந்த அறிவிப்பைப் போட்டது?" என்று ஃபோனை நீட்டினார்.

கிழிசல் துண்டறிக்கை. ஜெயபாரதிக்கு அது மனப்பாடம். 'சிறுவேலி வாய்க்கால் பாசனக்காரர்களுக்கு அறிவிப்பது. ஆடிப் பெருக்கு கழிந்த மூன்றாம் நாள் தொடங்கி முதல் முறை கடைமடைக்கு விடப்படும். கடைமடை நிறைந்த பின்னரே தலைமடைக்கு முறை. தலைமடையார் பொறுத்தருள வேண்டும். முறை நாட்களில் வாய்க்காலில் எருமை குளிப்பாட்டுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.' மரத்திலும் மதகிலும் ஒட்டுவதற்கு அச்சடித்தது. அந்த வருஷத்துக்கு மட்டும் என்பதால் வருஷம் போடவில்லை.

"ஐயா, இது பழசுங்க."

"ரெண்டு நாள் முன்னாடின்னு போட்டிருக்கே."

"அது கம்ப்யூட்டர் தப்பாப் போட்டுக்கிச்சுங்க. இது எழுவது வருஷத்துக்கு முந்தினது."

வீரையன் அவளையே பார்த்தார். பிறகு பின்னால் இருந்தவர்களிடம் திரும்பினார். "கடைமடைக்கு முதல் முறைன்னதும் மேல உள்ளவன் சும்மா இருப்பானா? பாப்பாவுக்கு நெருக்கடி குடுத்துட்டானுவோ. பழசுன்னு சொல்லச் சொல்லியிருக்கானுவோ."

"யாரும் சொல்லலைங்க."

"நீ பயப்படாதம்மா. நாங்க இருக்கோம். நாத்தங்காலுக்கு சேறடிக்க டிராக்டர் சொல்லியாச்சு. வெதை நெல்லும் கடன்ல வாங்கியாச்சு. இனிமே மாத்தறதுக்கில்ல."

அவர்கள் போன பிறகு ஜெயபாரதி நாற்காலியில் சரிந்தாள். விதை நெல்லைக் கடனில் வாங்கியிருக்கிறார்கள். தண்ணீர் வராவிட்டால் அத்தனையும் கோழிக்கு.

"அக்கா, நான் என்ன பண்ணி வச்சிருக்கேன்."

"மேல சிவப்புல பெருசா எழுதிடு. பழையதுன்னு," என்றாள் கமருன்னிஸா.

எழுதினாள். 'இது பழைய அறிவிப்பு.' கட்டத்தை நம்பாமல் படத்தின் மேலேயே எழுதினாள். மத்தியானத்துக்குள் வாட்ஸப்பில் ஒரு குரல்பதிவு சுற்ற ஆரம்பித்தது. பழைய அறிவிப்பு ரத்தாம். புதிய அறிவிப்பில் தலைமடைக்கு முதல் முறையாம். ஒரே நாளில் மாற்றிவிட்டார்களாம். காசு கைமாறியிருக்கிறதாம்.

பயந்துபோய்ப் பக்கத்தையே எடுத்தாள். அது அதைவிட மோசமாகப் போயிற்று. 'அறிவிப்பை மறைத்துவிட்டார்கள்' என்று கடைமடைக்காரர்கள் மெயின் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். மன்னார்குடி பஸ் இரண்டும் நின்றன. அதில் ஒன்றில், மாலை வகுப்புக்குப் போகிற வழியில், ஜெயபாரதியும் உட்கார்ந்திருந்தாள்.

"எதுக்கு மறியல்?" என்று பக்கத்து சீட்டுப் பெண்மணி கேட்டார்.

"தெரியலைங்க," என்று சொல்லிவிட்டு, பஸ்ஸிலிருந்தே ஃபோனில் பக்கத்தைப் பழையபடி ஏற்றினாள். கால் மணி நேரத்தில் மறியல் கலைந்தது. வாசகசாலை வாழ்க என்று ஒரு குரல் கூடக் கேட்டது.

இரவெல்லாம் ஒரு பயம், பகலெல்லாம் ஒரு பயம் என்று பத்து நாள் ஓடியது. ஆடிப் பெருக்கன்று ஊர் முழுக்க ஆற்றுக்குச் சோறு கட்டிக்கொண்டு போனது. காப்பரிசி, மஞ்சள் கயிறு, சப்பரம் இழுக்கிற பிள்ளைகள். ஜெயபாரதி படித்துறையில் நின்று தண்ணீரைக் கும்பிட்டாள். வேறு யாரிடம் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலையில் சிறுவேலி வாய்க்காலில் தண்ணீர் வந்தது.

தலைமடை மதகுகளையெல்லாம் அடைத்துவிட்டு, நேரே கடைமடைக்கு ஓடியது. துண்டறிக்கையில் எப்படி இருந்ததோ அப்படி.

"அக்கா, வந்திருச்சு," என்றாள் ஃபோனில்.

"யாரு?"

"தண்ணி."

"பாரதி," என்றாள் கமருன்னிஸா, "அந்த ரயிலும் வந்துடப் போவுது. எதுக்கும் அந்தப் பக்கத்தை ஒரு தடவை பார்த்து வை."

இரண்டு நாள் கழித்து வாசகசாலை வாசலில் ஒரு ஜீப் நின்றது. இறங்கியவர் வாய்க்கால் பிரிவின் பொறியாளர் சூர்யபிரகாஷ். ஆனி கடைசியில்தான் இங்கே மாற்றலாகி வந்தவர். கையில் அன்றைய செய்தித்தாளைச் சுருட்டி வைத்திருந்தார். அதில் அவர் படம் இருந்தது. கடைமடைக்காரர்கள் மாலை போட, 'இதுவரை யாரும் சிந்திக்காத திட்டம்' என்று அவர் பேட்டி கொடுத்திருந்தார்.

சேதி கேட்டு லியாகத் அலி கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். டிராக்டர் சேற்றோடு வீரையனும் வந்து சேர்ந்தார். எல்லாரும் ஸ்கேன் ரூமுக்குள் போனார்கள். பேச்சு எதுவானாலும் அந்த ரூமில்தான் நடக்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஜீப் டிரைவர் உபைதுல்லா ஃபைலைத் தூக்கிக்கொண்டு கடைசியாக உள்ளே வந்து, ஏசிக்கு நேர் கீழே நின்றுகொண்டார்.

"என் உத்தரவை உங்களுக்குக் குடுத்தது யாரு?" என்றார் பொறியாளர்.

"எந்த உத்தரவுங்க சார்?"

"தெரியாத மாதிரி பேசாதீங்க. கடைமடைக்கு முதல் முறைன்னு நான் கையெழுத்துப் போட்டது பெருக்குக்கு முதல் நாள். உங்க வெப்சைட்ல அது பத்துப் பதினஞ்சு நாளா ஓடிக்கிட்டிருக்கு. தேதி அதே. வரிசை அதே. வார்த்தைக்கு வார்த்தை அதே. என் ஆபீஸ்ல உங்களுக்கு யாரு ஆள்?"

"யாரும் இல்ல சார். அது 1954ல அச்சடிச்ச நோட்டீசு."

"எழுவது வருஷத்துக்கு முன்னாடி என் உத்தரவு எப்படிம்மா அச்சாகும்?"

லியாகத் அலி ஜெயபாரதியை ஓரமாக நகர்த்திக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, உண்மையைச் சொல்லு. ஆள் வரணும்னு நீயே டைப் பண்ணி உண்டாக்கினியா? சொல்லிட்டீன்னா நான் பேசி முடிச்சிடுறேன்."

இத்தனை நாளில் அவளை யாரும் பொய்க்காரி என்று சொன்னதில்லை. அவளே தன்னைப் பல பெயர் சொல்லித் திட்டிக்கொண்டதுண்டு. அந்தப் பெயரை மட்டும் சொன்னதில்லை. இரும்பு அலமாரியைத் திறந்தாள். கட்டைப் பிரித்தாள். உறையிலிருந்து அந்தத் தாளை எடுத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து, பொறியாளர் முன்னால் மேசைமேல் வைத்தாள்.

பழுப்பேறி அப்பளம் மாதிரி நொறுங்கத் தயாராக இருந்த தாள். வலது ஓரம் கிழிசல். அடியில், எப்போதோ மூடிப்போன ஓர் அச்சகத்தின் பெயர்.

"தொடாமப் படிங்க சார்," என்றாள்.

அவர் குனிந்து படித்தார். படித்துக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார்.

"எருமை," என்றார்.

"ஆமா சார். குளிப்பாட்டக் கூடாது."

"என் உத்தரவுலயும் எருமை இருக்கு."

வீரையன் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப எங்க பாட்டனும் மொத முறை வாங்கியிருக்காரு," என்றார், யாரிடமும் இல்லாமல்.

அதுதான் பொறியாளரை உசுப்பிவிட்டது. செய்தித்தாளை இன்னும் இறுக்கிச் சுருட்டினார்.

"சரி, பழசாவே இருக்கட்டும். இதை இன்னிக்கே வெப்சைட்லேர்ந்து எடுத்துடணும்."

"ஏன் சார்?"

"ஏன்னா? தலைமடைக்காரன் இதை ஃபோன்ல வச்சுக்கிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். உங்க புதுத் திட்டம் எங்க தாத்தா கிழிச்சுப் போட்டதுதான்றான். பேப்பர்ல வேற வந்திருக்கு. மேலதிகாரி கேட்டா நான் என்ன சொல்றது?"

"உண்மையைச் சொல்லலாமே சார்."

"பாரதி," என்றார் லியாகத் அலி.

"எடுத்துடுங்க. இல்லேன்னா உங்க கமிட்டிக்கு எழுத்து மூலமா அனுப்புவேன். அரசாங்க உத்தரவை அனுமதி இல்லாம வெளியிட்டீங்கன்னு."

"ஒரு நோட்டீசுதானேம்மா," என்றார் லியாகத் அலி. "முந்நூறுல ஒண்ணு. எடுத்துடு. மத்ததைக் காப்பாத்திக்கலாம். கூட்டத்துல நான் உனக்காகப் பேசுறேன். ரூமும் உனக்கே. போதுமா?"

நல்ல பேரம்தான். ஜெயபாரதி அதை ஒரு தடவை மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். வேலை நிலைக்கும். ரூம் நிலைக்கும். நாலாயிரத்துச் சொச்சமும் நிலைக்கும். ஒரு கிழிசல் தாள் மட்டும் இல்லாமல் போகும். கணக்கு சரியாகத்தான் வந்தது. சரியாக வந்த கணக்கு அவளுக்குப் பிடிக்கவில்லை.

"எடுக்க மாட்டேன் சார்."

"என்னம்மா?"

"எடுக்க மாட்டேன்." தாளுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். "நான் நிறைய தப்பு பண்ணியிருக்கேன் சார். தலைப்பு தப்பு. தேதி தப்பு. ஒருத்தரைக் குடும்பத்தோட ஸ்டேஷன்ல நிக்க வச்சேன். அதையெல்லாம் திருத்துறேன். திருத்திட்டுத்தான் தூங்கப் போவேன். ஆனா இந்தத் தாள்ல தப்பு இல்ல. கடைமடைக்கு முதல்ல குடுக்கலாம்னு ஒருத்தர் எழுவது வருஷத்துக்கு முன்னாடி யோசிச்சிருக்கார். அது நடந்திருக்கு. அதை யாரு தேடினாலும் கிடைக்கணும். உங்களுக்குச் சங்கடமா இருக்குன்னு நான் அதை மறைச்சா, அப்புறம் நான் இங்க என்ன வேலை பார்க்கிறேன்?"

"வேலை போயிடும்மா," என்றார் லியாகத் அலி, மெதுவாக.

"போகட்டும் சார். எடுக்கிறதா இருந்தா முதல்ல என்னை எடுங்க. அப்புறம் நீங்களே கம்ப்யூட்டர்ல உக்காந்து எடுத்துக்கங்க. பாஸ்வேர்டு எழுதித் தர்றேன்."

கமருன்னிஸா எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றாள். "அண்ணே, எனக்கு இந்த வயசுல கம்ப்யூட்டர் தெரியாது," என்றாள் செயலாளரிடம். "இவ போனா எடுக்குறதுக்கும் ஆள் இல்ல, வைக்கிறதுக்கும் ஆள் இல்ல. யோசிச்சுக்கங்க."

வீரையன் துண்டை உதறித் தோளில் போட்டார். "பாப்பாவை எடுத்தா நாங்க மறுபடி ரோட்டுக்கு வருவோம்," என்றார். "இந்தத் தடவை எருமையோட வருவோம்."

லியாகத் அலி பொறியாளரையும் பார்த்தார், மேசைமேல் கிடந்த தாளையும் பார்த்தார். நெட்டில் முதலாவதாக வருகிற ஒரு சரக்கைக் கடையிலிருந்து தூக்கு என்கிறார்கள். பாத்திரக்காரர் மனசு அதற்கு ஒப்பவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"சார், கொஞ்சம் பொறுங்களேன்," என்றார்.

"பொறுக்கிறதுக்கில்ல," என்றார் சூர்யபிரகாஷ். "இந்த நிமிஷமே எடுக்கணும்னு எழுதி, இங்கேயே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போறேன். உபைதுல்லா, அந்த ஃபைலைக் குடுங்க."

உபைதுல்லா ஃபைலைக் கொடுக்கவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஏசிக் காற்றிலும் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"எடுக்கச் சொல்லிடாதீங்க சார்," என்றார். "முறை உத்தரவு எப்படி எழுதுறதுன்னு நம்ம ஆபீஸ்ல நெட்ல தேடினப்ப முதல்ல இதுதான் வந்துச்சு, இதைப் பார்த்துத்தான் எழுதி உங்ககிட்ட கையெழுத்து வாங்கினாங்க; இதையும் எடுத்துட்டா அடுத்த முறைக்கு நாம எங்க சார் போறது?"